உடன் வந்தவர்

அந்தப் பக்கம் நகந்து உக்காருங்கம்மா, வெயில் பூரா உங்க மேலயே விழுது. எனக்கு ஒண்ணும் இல்லை. நான் பாளையங்கோட்டை வரைக்கும். ஆமா, ஜெயிலுக்குத்தான். கையில இந்த மனுத் தாளைப் பாத்துட்டுத்தானே கேட்டீங்க? தம்பியைப் பாக்கப் போறேன்.

பேரு சீனிராஜ். சீனி சீனின்னு கூப்பிடுவோம். தூக்குத் தண்டனைக் கைதி. அதாவது, இன்னைக்குக் காலைல பத்தே முக்கால் வரைக்கும். பத்தே முக்காலுக்கு மதுரை ஹைகோர்ட்டுல ரெண்டு ஜட்ஜு உக்காந்து, தூக்கு வேண்டாம், ஆயுள் போதும்னு சொல்லிட்டாங்க. அவனுக்கு இன்னும் தெரியாது. யாரும் போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும்னு ஓடியாறேன்.

சந்தோஷம்தானேன்னு கேக்கறீங்க. சந்தோஷம்தான். இல்லாம என்ன? கூடப் பிறந்தவன். ஆனா முகத்தைப் பாத்தா அப்படித் தெரியலை, அதானே? என் முகமே இப்படித்தாம்மா.

நான் சிவகாசி. ராஜகனின்னு பேரு. காலண்டர் ஆபீஸ்ல பைண்டிங் செக்‌ஷன்ல இருக்கேன், இருபத்தாறு வருசமா. எங்க ஊர்ல பிரஸ்ஸு, தீப்பெட்டி, பட்டாசு எல்லாமே ஆபீஸ்தான். தம்பி என்னை விட ரெண்டு வயசு சின்னவன். கல்யாணம் ஆகலை. அம்மா இருந்த வீட்டுலயே தனியா இருந்தான். நான் ரெண்டு தெரு தள்ளி.

ஆறு வருசத்துக்கு முன்னாடி, ஒரு மாசி மாசம், பகல் பதினோரு மணிக்கு, பக்கத்து வீட்டுக்குள்ள போய் ரெண்டு பேரை வெட்டிட்டான். போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, பரமானந்தம்னு. அவர் வீட்டம்மா லீலாவதியம்மா. ரெண்டு பேரும் அவனுக்கு ஒரு கெடுதல் பண்ணினது கிடையாது. அந்தம்மா இட்லி அவிச்சா நாலு எடுத்து இவனுக்குன்னு மூடி வைக்கும். ஏண்டா வெட்டினேன்னு போலீஸ்காரர் கேட்டதுக்கு, "அவங்க வீட்டு டி.வி. என்னைப் பத்தியே பேசுது. நிறுத்தச் சொன்னேன், நிறுத்தலை"ன்னான். அந்த டி.வி. ரிப்பேராகி, மேல துண்டைப் போட்டு மூடி ரெண்டு மாசமாச்சு. எனக்குத் தெரியும். நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பாத்திருக்கேன்.

கீழ்க்கோர்ட்டுல மூணு வருசம் கேஸ் நடந்துச்சு. குற்றவாளின்னு சொன்னப்புறம் ஜட்ஜு அவனைக் கேட்டாரு: "தண்டனையைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?" இவன் கையைக் கட்டிக்கிட்டு நின்னு, "அந்த டி.வி.யை நிறுத்தச் சொல்லுங்கய்யா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். மறுநாள் பேப்பர்ல திமிர்ப் பேச்சுன்னு போட்டாங்க. தூக்கு.

அது வரைக்கும் யாரும் எங்க வீட்டு வாசப்படியில ஏறி ஒரு வார்த்தை கேட்டதில்லைம்மா. அக்கம்பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. சரி, அது நியாயம்தான். அப்புறம் போன வருசம் ஆடி மாசம் அந்தப் பொண்ணு வந்துச்சு. மிருதுளா. இருபத்தாறு வயசு இருக்கும். கதர்ச் சட்டை, பெரிய பை. தூக்குக் கேஸ்ல மேல்கோர்ட்டு ஒருத்தரை அனுப்புமாம். இந்த ஆளு எங்க பிறந்தான், எப்படி வளந்தான், என்ன நோவு இருந்துச்சு, ஏன் இப்படி ஆனான்னு தோண்டித் துருவிக் கேட்டு எழுதிக் கொண்டுபோய் ஜட்ஜு கையில கொடுக்கணுமாம். இங்கிலீஷ்ல ஏதோ பேரு சொல்லுச்சு, எனக்கு வாயில நுழையலை. தண்டனையைக் குறைக்கிறதுக்கு ஏதாவது சூழ்நிலை இருந்துச்சான்னு பாக்கறதுன்னு அர்த்தம்.

எங்க வீட்டுக்காரரு சேரைத் துடைச்சுப் போட்டாரு. உக்காந்து, நோட்டைத் திறந்து, முதல் கேள்வி: "அக்கா, சின்ன வயசுல சீனிராஜ் எப்படி இருப்பாரு?"

இருப்பாராம்! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்க வம்சத்துல யாருக்குமே அந்த மரியாதை போட்டு யாரும் பேசினதில்லை. ரெண்டு உசிரைக் கொன்னவனுக்கு 'இருப்பாரு.' நான் இருபத்தாறு வருசமா ஆபீஸ்ல, இன்னைக்கும் சூப்பர்வைசர் 'ஏ ராஜகனி'தான்.

சொல்லுங்கக்கா சொல்லுங்கக்கான்னு கேட்டுச்சு. சொன்னேன். அவன் படிச்சான். நான் எட்டாங்கிளாசோட தீப்பெட்டி ஆபீஸ் போனேன், அவன் பத்தாவது வரைக்கும் போகணும்னு. எழுதிக்கிச்சு. எதை எழுதிக்கிச்சு? அவன் பத்தாவதுல எதுல பெயிலுங்கிறதை. எங்கப்பா குடிகாரரு. லாரி டியூபை நீளமா வெட்டி ஆணியில தொங்க விட்டிருப்பாரு, அடிக்கிறதுக்குன்னே. இங்க பாருங்க, கெண்டைக்கால்ல, இது அந்த டியூப்தான். அந்தப் பொண்ணுகிட்டயும் காட்டினேன். "அச்சச்சோ"ன்னுச்சு. ஆனா பேனா நகரலைம்மா. அப்படியே நிக்குது. "சீனிராஜுக்கு எங்க எல்லாம் அடி விழும்க்கா?" அதான் அடுத்த கேள்வி.

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். "அவனுக்கு என்ன? அவனைத் தூக்கிக்கிட்டு ஓட அம்மா இருந்தா"ன்னேன்.

"எங்கக்கா ஓடினாங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். வேற எங்க? அப்பா இவன் தலையைப் பிடிச்சு ஆட்டுக்கல்லுல மோதினாரு. ஏழு வயசு. காதுல ரத்தம் வந்துச்சு. முழிக்கவே இல்லை. அம்மா தோள்ல போட்டுக்கிட்டு ஓடிப் போனவ, பதினோரு நாள் கழிச்சுத்தான் வந்தா. பதினோரு நாளு! அந்தப் பதினோரு நாளும் நான் அப்பாகூடத் தனியா இருந்தேன். ஒம்பது வயசு. சோறு பொங்கி வச்சிட்டு, அவரு வர்ற சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிருவேன். திரும்பி வந்தவ என்னைப் பாத்து, 'சோறு கொழைஞ்சிருக்கே'ங்கறா. இதை எழுதுங்க முதல்ல"ன்னேன்.

எழுதுச்சு. வேகவேகமா எழுதுச்சு. ரெண்டு பக்கம். நிமிந்து பாத்தா அந்தப் பொண்ணு கண்ணு பளபளங்குது. "அக்கா, தலையில அடிபட்டதை இதுவரைக்கும் எந்த வக்கீல்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"ன்னு கேக்குது. நான் கட்டிலுக்கு அடியில கிடந்ததைச் சொல்றேன், அது அவன் தலையையே பிடிச்சுக்கிட்டு நிக்குது!

அப்புறம் ஒரு வாரத்துல அந்த ஆஸ்பத்திரிப் பழைய ரிஜிஸ்டரைத் தேடி, பதினோரு நாள் இருந்ததுக்கு நகல் வாங்கிட்டு வந்துருச்சு. எங்க பள்ளிக்கூடத்துக்குப் போய் அவன் நாலாங்கிளாஸ் மார்க் வரைக்கும் எடுத்துட்டு வந்துச்சு. அடிபட்டதுக்கு முன்னாடி கணக்குல எவ்வளவு, அடிபட்டப்புறம் எவ்வளவு. நானும் அதே பள்ளிக்கூடந்தான். அதே பீரோவுலதான் என் மார்க்கும் இருக்கும். ஒரு பக்கம் தள்ளித் திறந்திருந்தா என் பேரு இருந்திருக்கும்.

என்ன ஊரு வந்துருச்சு? சாத்தூரா? வெள்ளரிக்கா வேணுமா உங்களுக்கு? எனக்கு வேண்டாம்.

ரெண்டாவது தடவை வந்தப்போ, எப்ப இருந்துக்கா மனசு சரியில்லாமப் போச்சுன்னு கேட்டுச்சு. பத்தொம்பது வயசுல. பட்டாசு ஆபீஸ்ல சங்கு ஊதினா தன் பேரைச் சொல்லி ஊதுதும்பான். காதைப் பொத்திக்கிட்டு மூலையில உக்காந்திருப்பான். அம்மா அவனைக் கூட்டிக்கிட்டு ஒரு கோயிலுக்குப் போய் நாப்பத்தெட்டு நாள் தங்கிட்டா. அந்த நாப்பத்தெட்டு நாளுக்குள்ளதான் எனக்கு வளைகாப்பு. அம்மா வரலை. யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா, பெத்தவ உசிரோட இருந்து வராத வளைகாப்பை? எங்க மாமியாதான் முதல் வளையலைப் போட்டாங்க. போட்டுக்கிட்டே, "உங்கம்மாளுக்கு என்னத்தா சோலி?"ன்னாங்க. தம்பிக்குப் பித்துன்னு எப்படிச் சொல்றது? டவுன்ல ஒரு சாவுன்னு பொய் சொன்னேன். நிறைஞ்ச சபையில, வயித்துப் பிள்ளைக்காரி, சாவுன்னு சொன்னேன்.

கோயில்ல குணமாகலை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில மனநோய் டாக்டரைப் பாத்தாங்க. மாத்திரை கொடுத்தாங்க. பொய் சொல்லக் கூடாது, மாத்திரையில நல்லா ஆயிட்டான். பேப்பர் குடோன்ல லோடு இறக்கப் போனான். என் மகள் சுகந்திக்கு மாமான்னா உசிரு. பரீட்சையில மார்க் வாங்கினா பள்ளிக்கூடத்துல இருந்து நேரா மாமா வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டுத்தான் எங்கிட்ட வரும்.

அம்மா சாகக் கிடந்தப்போ நான்தான் அள்ளிப் போட்டேன், துடைச்சேன், எல்லாம். கடைசியா என் கையைப் பிடிச்சா. நானும் குனிஞ்சேன், என்னமோ சொல்லப் போறான்னு. "சீனிக்கு மாத்திரை தவறிறக் கூடாது. மாசம் பொறந்தா நீ கூடப் போகணும்." அவ்வளவுதான். எனக்குன்னு ஒரு சொல் இல்லை. அப்படியே போயிட்டா.

போனேம்மா. போகாம இருக்கலை. ஒவ்வொரு மாசமும் முதல் செவ்வாக்கிழமை, ஆபீஸுக்கு லீவு போட்டு, அவனைக் கூட்டிக்கிட்டு, வரிசையில நின்னு, சீட்டுப் போட்டு, மாத்திரை வாங்கி, வாரத்துக்கு வாரம் பிரிச்சுக் கட்டிக் கொடுத்து. பதினாலு மாசம். அந்தக் கடைசித் தடவை சொல்றேன் கேளுங்க. வரிசையில மூணு மணி நேரம் நின்னிருக்கோம். எனக்கு அன்னைக்கு வயித்து வலி, நிக்க முடியலை. உள்ள போனோம். டாக்டரு அவன்கிட்ட அரை மணி நேரம் பேசறாரு. தூங்கினியா, சாப்பிட்டியா, வேலை எப்படி. எழுந்து அவன் தோளைத் தட்டி, "பெரிய விஷயம் சீனிராஜ், ஒரு தடவை கூட மாத்திரையை விடலை நீங்க. உங்களை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு"ன்னாரு. இவன் சிரிக்கிறான், பல்லெல்லாம் தெரிய. அவனா விடலை? அவனா? பிரிச்சுக் கட்டினது யாரு? நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். என் பக்கம் அந்த மனுசன் திரும்பக்கூட இல்லை. சீட்டுல ஒரு கோடு இருக்கும்: 'உடன் வந்தவர்.' அதுல 'சகோதரி'ன்னு கிறுக்கினாரு. அதுதான் நானு.

பஸ்சுல வரும்போது இவன் திரும்பத் திரும்ப, "டாக்டர் சொன்னாரு பாத்தியாக்கா, பெருமையா இருக்காம்"ங்கறான். பத்துத் தடவை சொல்லியிருப்பான். சிவகாசியில இறங்கினதும் சொல்லிட்டேன். "நீதான் பெரிய ஆளாயிட்டியே. இனிமே நீயே போய்க்கோ. என்னைக் கூப்பிடாதே."

"சரிக்கா"ன்னான். எதுக்கு, என்னன்னு ஒண்ணும் கேக்கலை. சரிக்கான்னான்.

அடுத்த மாசம் தனியாப் போனான். அதுக்கடுத்த மாசம் போகலை. நான் கேக்கலை. கேட்டா நானே இறங்கி வந்த மாதிரி ஆகாதா? அஞ்சு மாசம் கேக்கலை. அஞ்சாவது மாசந்தான் அந்த மாசி மாசம்.

ஏம்மா, எதுக்கு இப்படிப் பாக்கறீங்க? நான் என்ன மாத்திரையைப் பிடுங்கியா எறிஞ்சேன்? முப்பத்தாறு வயசு ஆம்பளை, தன் மாத்திரையைத் தான் வாங்கிக்கிட மாட்டானா?

அந்தப் பொண்ணும் இப்படித்தான் பாத்துச்சு. மூணாவது தடவை வந்தப்போ. ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாத்தையும் நகல் எடுத்துக் கொண்டுவந்து தரையில வரிசையாப் பரப்புச்சு. பதினாலு சீட்டுலயும் 'உடன் வந்தவர்: சகோதரி.' பதினஞ்சாவதுல அந்த இடம் வெறுமையா இருக்கு. அப்புறம் சீட்டே இல்லை. விரலை அங்க வச்சு, "இதுல என்னக்கா ஆச்சு?"ன்னுச்சு. உங்ககிட்டச் சொன்ன மாதிரி அப்படியே சொன்னேன். சொல்லி முடிச்சதும், "கீழ்க்கோர்ட்டு வக்கீலுக்கு இந்த வைத்தியம் தெரியாதாக்கா?"ன்னு கேட்டுச்சு.

அதையும் சொன்னேன். கவர்மெண்ட்டுல போட்டுக் கொடுத்த வக்கீலு. ஒரே ஒரு தடவை, கோர்ட்டு மாடிப்படியில வச்சு, "ஏம்மா, உன் தம்பிக்குப் புத்தி கித்தி சரியில்லாம இருந்துச்சா?"ன்னு கேட்டாரு. இல்லைன்னுட்டேன். சுகந்திக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருந்த நேரம். மாமனுக்குப் பித்துன்னா வருவாங்களா? கொலைகாரன்னா கோவத்துல செஞ்சிட்டான்னு சொல்லிக்கிடலாம். பித்துன்னா ரத்தத்துல வர்றதுன்னுருவாங்க. அதுவும் ஒரு காரணம். இன்னொண்ணு, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. பித்துன்னு சொன்னா திரும்பவும் எல்லாரும் ஐயோ பாவம் சீனின்னு அவனைச் சுத்தித்தான் நிப்பாங்கன்னு தோணுச்சு. ரெண்டு பேரை வெட்டினப்புறமும். அது என்னால முடியலை.

அந்தப் பொண்ணு சீட்டையெல்லாம் அடுக்கி எடுத்துச்சு. அப்புறம், "இது அவரைக் காப்பாத்தும்க்கா. ஆனா உங்களுக்கு இது கஷ்டம். பேரு போட வேண்டாம். 'குடும்பச் சூழ்நிலையால் சிகிச்சை நின்றது, நெருங்கிய உறவினர் ஒருவர் கூறினார்'னு எழுதிக்கிறேன்"ன்னுச்சு. நல்ல மனசோடதான் சொல்லுச்சு.

நான் கேட்டேன், "மொத்தம் எத்தனை பக்கம் எழுதியிருக்கே?" நூத்தி எழுபதாம். "எங்கம்மா பேரு இருக்கா?" இருக்காம், நிறைய இடத்துல. அப்பா பேரு? இருக்கு. அந்த டாக்டரு பேரு? இருக்கு. இட்லி கொடுத்த அந்தம்மா பேரு? இருக்கு. "அப்ப நான் மட்டும் நெருங்கிய உறவினரா?"ன்னேன். "ராஜகனின்னு போடு. அக்கா ராஜகனி. கூட்டிட்டுப் போனதும் அவதான், விட்டதும் அவதான், கேட்டப்போ இல்லைன்னு சொன்னதும் அவதான். அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

எங்க வீட்டுக்காரரு குதிச்சாரு. ரெண்டு நாள் சாப்பிடலை. பேசி முடிச்சிருந்த மாப்பிள்ளை வீட்டுலயும் எப்படியோ தெரிஞ்சு, வேண்டாம்னுட்டாங்க. சுகந்தி கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் தவிச்சுக்கிட்டு நிக்கிறேன், அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "விடும்மா. மாமா பிழைச்சா போதும்." மாமா. அங்கயும் மாமா.

இன்னைக்குக் கோர்ட்டுல கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். எல்லாம் இங்கிலீஷு. ஒரு எழுத்துப் புரியலை. நடுவுல ஜட்ஜு 'ராஜகனி'ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பவும் 'ராஜகனி.' ரெண்டு தடவை. எழுந்திருச்சு நிக்கணுமோன்னு பாதி எழுந்துட்டேன். பக்கத்துல ஒரு போலீஸ்கார அம்மா உக்காரச் சொல்லுச்சு. எல்லாரும் கிளம்பினப்புறம் அந்தம்மாகிட்டத்தான் கேட்டேன், தூக்கு என்னாச்சுன்னு. "போச்சும்மா, ஆயுளாயிருச்சு"ன்னுச்சு. திரும்பவும் உக்காந்துட்டேன்.

வெளிய வந்தா, மிருதுளாவைச் சுத்தி ஒரே கூட்டம். டி.வி.க்காரங்க மைக்கை நீட்டறாங்க. எங்க ஹைகோர்ட்டு வக்கீலுகிட்ட அது சொல்லுது, என் காதுபடச் சொல்லுது: "நானே போய் சீனிகிட்டச் சொல்லணும் சார். அவர் முகத்தைப் பாக்கணும்."

நீ யாருடி அவன் முகத்தைப் பாக்க? ஒரு வருசமாத் தெரியும் உனக்கு அவனை. போன தடவை ஜெயில்ல மனுப் போட்டு அவனைப் பாக்கப் போனேன், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்னவன், என்னைப் பாத்ததும் பின்னாடி எட்டிப் பாக்கறான். "மேடம் வரலையாக்கா?"ங்கறான். அந்த வலியோட வந்தேன் அன்னைக்கு. இன்னைக்கு விட்டுருவேனா? அது கேமராவுக்குப் பேசிக்கிட்டு இருக்கையில நைசா வெளிய வந்து, ஆட்டோவைப் பிடிச்சு மாட்டுத்தாவணி வந்து, கிளம்பின வண்டியில ஓடி ஏறிட்டேன்.

இருங்க, போனு. அதுதான். அந்தப் பொண்ணுதான். எடுக்கவா? எடுக்கறேன்.

ம். சொல்லு. ஆமா, கிளம்பிட்டேன். பஸ்சுலதான். கயத்தாறு தாண்டிட்டோம். ம். ம். சரி. என்னது? இல்லை, நான் சொல்லலை. அவன்கிட்ட எப்படிச் சொல்வேன்? ம். சரி. வச்சிடறேன்.

அது வரலையாம். "நீங்களே போய்ச் சொல்றதுதான்க்கா சரி"ங்குது. தேடு தேடுன்னு தேடினதாம் என்னை. அப்புறம் ஒண்ணு சொல்லுச்சு. நான் கையெழுத்துப் போட்டது அவனுக்கு இன்னும் தெரியாதாம். அவனைப் பொறுத்த வரைக்கும், மாத்திரையை விட்டது அவன் தப்பு. இந்த ஆறு வருசமா அப்படித்தான் நினைச்சிட்டு இருக்கானாம். "எங்க அக்கா எவ்வளவோ பாத்தாங்க மேடம், நான்தான் ஏமாத்திட்டேன்"னு அதுகிட்டச் சொல்லி அழுதிருக்கான். தீர்ப்புத் தாளு வந்தா படிச்சுக் காட்டுவாங்களாம். அதுக்குள்ள என் வாயால அவன் கேட்டுட்டா நல்லதுன்னு சொல்லுது.

இல்லை, தண்ணி வேண்டாம். நல்லாத்தான் இருக்கேன்.

அவன் வருவான். வலைக்கு அந்தப் பக்கம் நிப்பான். தூக்கு இல்லடா சீனின்னு சொல்லுவேன். அது சுலபம். அவன் சிரிப்பான். அப்புறம் கேப்பான், "எப்படிக்கா தப்பிச்சேன்?"னு. கேப்பான், அவனைப் பத்தி எனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையில இருந்து எதுன்னாலும் எப்படிக்கா, எப்படிக்கான்னுதான் கேப்பான். ஒரு தடவைதான் கேக்காம சரிக்கான்னான்.

அந்தப் பொண்ணே கார்ல முந்திப் போயிருந்தா தேவலை. இப்போ தோணுது.

கண்டக்டர் கூப்பிடறாரு, என் ஸ்டாப்புதான். காலை ஒதுக்குங்கம்மா, இறங்கிக்கிறேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ஒரு வார்த்தை உங்களுக்கு ஏதாவது... இல்லை, வேண்டாம், சொல்லாதீங்க. நீங்க சொல்லிக் கொடுத்தா அப்புறம் அது உங்க பேச்சாயிரும்.